ஏரல் கெசியாவும் பேத்தை மீனும்

ஏரல் கடைத்தெருவின் இந்த முனையில் கெசியா சிரித்தால், அந்த முனையில் தராசு பிடித்துக்கொண்டிருப்பவர் "மருத்துவச்சி வந்துட்டாளா?" என்று கேட்பார். அப்படி ஒரு சிரிப்பு. ஆளும் நல்ல உயரம். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் கத்தரிக்கோல், நூல், வெந்நீரில் அலசிக் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள், ஒரு சோப்புக்கட்டி. பிரசவம் என்று ஆள் வந்து சொன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூட்டிப்போக வந்தவன்தான் பின்னால் ஓடி வரவேண்டும்.

அவள் பிறந்தது உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில். அப்பா பனையேறி. அம்மா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவளை ஞானையா வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஞானையா சாந்தமான மனுஷன். வேதக்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அவர் குரல் கூரையைத் தூக்கும்.

முதல் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. சுற்றி இருந்த பொம்பளைகளுக்குக் கையைப் பிசையத்தான் தெரிந்தது. கெசியா கொஞ்ச காலம் பாயை விட்டு எழவில்லை. பிறகு ஒருநாள் எழுந்து தலைவாரிக்கொண்டு, "நான் ஆஸ்பத்திரியில போயிப் பிரசவம் பாக்கப் படிக்கப் போறேன்" என்றாள்.

ஞானையா யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி. சோறு நான் பொங்கிக்கிடுதேன்" என்றார்.

அதிலிருந்து அந்த வீட்டில் சோறு பொங்குவது அவர்தான். ஊர் கேலி பேசியது. அவர் வைக்கும் ரசத்தைக் குடித்துப் பார்த்தவர்கள் கேலியை நிறுத்திக்கொண்டார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்சம்மா கெசியாவுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தாள். அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றது ஒன்றுதான். பிள்ளை நீலம் பாய்ந்து, மூச்சு விடாமல் பிறந்தாலும், நெஞ்சில் துடிப்பு இருந்தால் விடக்கூடாது. வாயைத் துடைத்து, மெல்லிய துணியை மேலே போட்டு, கன்னத்தில் அடங்குகிற அளவு காற்றைப் பைய ஊத வேண்டும். எல்லாப் பிள்ளையும் பிழைக்காது. சிலது பிழைக்கும்.

ஞானையாவை ஏரல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியபோது அவளும் கூட வந்தாள். முதலில் கிறிஸ்தவ வீடுகள் கூப்பிட்டன. பிறகு ஆற்றங்கரை விவசாயிகள். முஸ்லிம் தெருவில் மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஜவுளிக்கடை அகமது மீரானின் மனைவி சித்தி ஜனாபாவுக்கு வலி எடுத்து இரண்டு பகல் ஆனபிறகுதான் அங்கிருந்தும் ஆள் வந்தது. பிள்ளை துவண்டுபோய்ப் பிறந்தது. கெசியா ஊதினாள். ஜனாபா வியர்வை வழியும் முகத்தோடு தலையைத் தூக்கி, கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒருமுறை விக்கி, பிறகு தெருவே கேட்க வீறிட்டது. அதன்பிறகு முஸ்லிம் தெருவிலும் கெசியாவுக்கு எல்லா வீடும் திறந்தது.

ஜனாபாவின் கணவர் அகமது மீரானைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல மனுஷர், நாணயமான வியாபாரி. கொழும்பில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. அதிலும் சாப்பாட்டு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்கமாட்டார். ஆணம் என்று அவர்கள் வீட்டில் சொல்லும் குழம்பில் தேங்காய்ப்பால் ஒரு கை குறைந்தாலும் வாயில் வைத்ததும் சொல்லிவிடுவார்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டினார்களே, அதற்கு அடுத்த தை மாசம். அகமது மீரான் துணிமூட்டையோடு புன்னைக்காயலுக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தார். அங்கே கடற்கரையில் பிள்ளைகள், பந்து மாதிரி உப்பியிருந்த மீன் ஒன்றை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அதே மாதிரி நாலைந்து மீன் மணலில் கிடந்தன. வலையை உலர்த்திக்கொண்டிருந்த சந்தியாகு அவருக்குப் பழக்கமானவர்.

"இது என்ன மீன்வே?"

"பேத்தை, அண்ணாச்சி. வலையில வந்து விழுந்து தொலைக்கும். நாங்க தூரப் போட்டிருவோம்."

"தூரப் போடுததா? சதையப் பாரும்! கொழும்புல ஒரு சப்பான் கப்பல்ல சமையல்காரன் சொன்னான். அவுக ஊர்ல இதுக்கு அடிபிடியாம்."

"அவுக ஊரு வழக்கம் நமக்கு எதுக்கு? இதத் தின்னா நாக்கு மரத்துப்போகும். கைகால் விழுந்துரும். அப்புறம் மூச்சு நின்னுபோகும். அதுலயும் இது சினை வச்சிருக்குத காலம். எங்க ஆளுக தொடவே மாட்டாக."

"சமைக்கத் தெரியாதவன் சொல்லுத பேச்சுவே அது" என்று அகமது மீரான் சிரித்தார். சந்தியாகுவும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். துணிமூட்டையை வண்டியில் ஏற்றும் சந்தடியில் இரண்டு பேத்தைகள் ஓலைப்பெட்டிக்குள் போனதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஜனாபா இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். கணவர் பெட்டியைத் திறந்ததும், "இது என்ன மீனு? இத நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

"பேத்தை. சந்தியாகு தின்னக்கூடாதுங்கான். அவனுக்கு என்ன தெரியும்?"

"மீன்காரனே வேண்டாம்னு சொன்னத நான் அடுப்புல ஏத்த மாட்டேன்."

"நீ ஏத்தவே வேண்டாம். தள்ளு."

அவரே தோலை உரித்தார். அவரே மிளகு அரைத்தார். வயிற்றுக்குள் மஞ்சளாய்ச் சினை இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அதைத் தனியாக எடுத்து நல்லெண்ணெயில் வறுத்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஜனாபா மகனை இழுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் முட்டைப் பொரியல் போட்டுக் கொடுத்தாள். அகமது மீரான் தனியாக உட்கார்ந்து இடியாப்பத்தோடு சினை முழுவதையும் சாப்பிட்டார். கொஞ்சம் சதையும் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு தெரியுமா? கோழி தோத்துது போ" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"உப்புப் போடக்கூடத் தெரியாது. சமைக்க வந்துட்டாக" என்று ஜனாபா இங்கிருந்து பதில் கொடுத்தாள்.

கை கழுவும்போதே உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மிளகு கூடிவிட்டது என்று நினைத்தார். சட்டையை மாட்டும்போது விரல் நுனிகள் மரத்திருந்தன. கடைக்குப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்து, "கழைக்குப் போழேன்" என்று வந்தது. மகன் கைகொட்டிச் சிரித்தான். அவரும் சிரிக்கப் பார்த்தார், முகம் வளையவில்லை. வாசலில் இறங்கும்போது வாந்தி எடுத்தார். இரண்டு அடி வைத்ததும் கால்கள் யாருடையதோ மாதிரி மடங்கின. கடையைத் திறந்துவிட்டு அண்ணனைத் தேடி வந்த தம்பி அசன் மைதீன்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினார்கள். முதலில் கை போயிற்று. பிறகு கழுத்து போயிற்று. இமைகள் தாமாக மூடிக்கொண்டன. வெயில் ஏறும்போது மூச்சு மேலோட்டமாகி, நூல் மாதிரி இழுத்து, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. யாரோ மூக்கின் கீழ் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குள் அழுகை எழுந்தது.

உள்ளே கிடந்த அகமது மீரானுக்கு எல்லாம் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பள்ளிவாசல் லெப்பையை வரச்சொல்லி ஆள் போனதும் கேட்டது. குளிப்பாட்ட வெந்நீர் போடச் சொன்னதும் கேட்டது. உடம்பைச் சுற்றும் கபன் துணிக்கு அசன் மைதீன் தங்கள் கடைக்கே ஓடினதும், திரும்பி வந்து, "வெள்ளைக் கட்டு எந்தத் தட்டுல இருக்குன்னு தெரியலையே, காக்காவைத்தான் கேக்கணும்" என்று அண்ணனை நினைத்துத் தேம்பி அழுததும் கேட்டது. மேல்தட்டு, இடதுபக்கம் என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.

ஜனாபா மட்டும் அழவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"கை சூடாத்தான் இருக்கு. அன்னைக்கு எம் பிள்ளைக்கு ஊதினாளே, அவளக் கூட்டியாங்க. கெசியா வந்து பாக்காம யாரும் இவுகளத் தொடக்கூடாது."

கெசியா அப்போது அன்னத்தாய் என்பவளுக்குப் பெண்குழந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, படித்துறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சேதி சொன்னவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பாயில் மண்டியிட்டு, கழுத்தின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாடியைத் தேடினாள்.

"மௌத்துன்னு சொன்னது யாரு?" என்றாள் சத்தமாக. "நாடி ஓடுது. பைய ஓடுது, ஆனா ஓடுது. மூச்சுதான் இருக்கா இல்லையான்னு தெரியல."

பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். இன்னொரு மெல்லிய துண்டை மேலே விரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் வாய் வைத்து ஊதினாள். பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி முதலில் கன்னக்காற்றை ஊதினாள், ஒன்றும் ஆகவில்லை. அடிவயிற்றிலிருந்து ஊதினாள். அகமது மீரானின் நெஞ்சு மேலே எழும்பித் தாழ்ந்தது.

வாசலில் நின்ற ஆண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அந்நியப் பொம்பள... இதென்ன..." என்று ஒரு பெரியவர் தொடங்கினார்.

வந்து சேர்ந்திருந்த லெப்பை கையை உயர்த்தினார். "நாடி இருக்குதுங்காக. அப்ப எனக்கு இங்கன வேலை இல்ல. உசிரக் காப்பாத்துறது நம்ம கடமை. அந்தம்மா சொல்லுதபடி செய்யுங்க."

அதற்குள் ஜனாபா முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாள். "எம் புருசன். நான் ஊதுதேன். எல்லாரும் வெளிய போங்க."

கூட்டம் வெளியே போயிற்று. கெசியா சொல்லச் சொல்ல ஜனாபா செய்தாள். "தாடையத் தூக்கு. மூக்க விட்டுராத. நெஞ்சு எழும்புதான்னு பாரு... எழும்பிச்சா? இப்ப வாய எடு. தானா இறங்கட்டும். இன்னொண்ணு. அவசரப்படாத தாயீ, நீ எப்படி மூச்சு விடுதியோ அதே மாதிரி."

நீலம் பாய்ந்திருந்த உதடுகள் பைய வெளுத்து, பிறகு லேசாகச் சிவந்தன. அதைப் பார்த்ததும் கெசியாவுக்குத் தெம்பு வந்தது. ஆனால் பயமும் வந்தது. பிறந்த பிள்ளை என்றால் சீக்கிரமே ஒரு முடிவு தெரிந்துவிடும். இது எவ்வளவு நேரம்? சாயங்காலம் வரையா? நாளைக்கு வரையா? அவளுக்குத் தெரியாது. விரலை நாடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது நிற்காதவரை நிறுத்துவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஜனாபாவுக்குத் தலை சுற்றியது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, "நான் கொஞ்சம் ஊதட்டுமா?" என்று எட்டிப்பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள் ஜனாபா வெடுக்கென்று. "கொழுந்தன் ஊதட்டும்."

கெசியா சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அசன் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்சநேரம் ஊதியதும், "அய்யோ, எனக்கும் உதடு மரக்குதே! விசம் எனக்கும் ஏறிருச்சு!" என்று அலறினான்.

"விசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு நேரம் ஊதினா யாருக்கும் மரக்கத்தான் செய்யும். ஊதும்வே!"

உச்சி சாய்ந்தபோது ஞானையா தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்தார். உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார். "நீ சாப்பிடு. நான் ஊதுதேன்" என்றார். வாரா வாரம் கோவில் கூரையைத் தூக்குகிற மூச்சு. அகமது மீரானின் நெஞ்சு எழும்பிய எழும்பலைப் பார்த்துக் கெசியா, "பைய, பைய! வெடிச்சிரப் போறாரு" என்று கத்தினாள். ஜனாபா அந்தப் பகலில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சந்தியாகு வந்து சேர்ந்தார். புன்னைக்காயலில் காலையில் பிள்ளைகள், "எங்க பந்தைக் காணோம்" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். மணலில் கிடந்த மீன்களில் இரண்டு குறைகிறது என்றதும் அவருக்கு முந்தினநாள் பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. தோணியிலும் நடையிலுமாக ஏரலுக்கு வந்தவர், தெருவில் கூட்டத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

உசிர் இருக்கிறது என்று சொன்னபிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. கெசியா வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, இதத் தின்னவுக யாராவது பிழைச்சிருக்காகளா?" என்று கேட்டாள்.

"கொஞ்சமாத் தின்னவுக பிழைச்சிருக்காக அம்மா. எங்க மாமன் ஒருத்தர் பிழைச்சாரு. அன்னைக்குப் பொழுத அவரு தாண்டிட்டாரு. தாண்டினா விசம் தானா இறங்கிரும். மூச்சு நின்னவன யாரும் காப்பாத்தினதில்ல. இப்படி ஊதலாம்னு எங்களுக்குத் தெரியாது."

"பொழுதத் தாண்டினாப் போதுமா?"

"அப்படித்தான் சொல்லுவாக."

கெசியாவுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே போய், "சாயந்தரம் வரைக்கும் ஊதணும். அவ்வளவுதான்" என்றாள், ஏதோ சாயங்காலம் வரை நெல் குத்தவேண்டும் என்கிற மாதிரி. ஒரு ஆள் ஊத, மற்றவர்கள் ஓய்வெடுக்க என்று முறை வைத்துக்கொண்டார்கள். சந்தியாகுவும் முறையில் சேர்ந்துகொண்டார். முத்துக்குளிக்கப் போன காலத்தில் பழகிய மூச்சு அவருக்கு.

ஓய்வு நேரத்தில் அவர் கடலில் உள்ள மற்ற வில்லங்கங்களைப் பற்றியும் சொன்னார். கடல்பாம்பு கடித்தால் வலிக்காதாம், எறும்பு கடித்தது என்று நினைத்து வலை இழுத்துக்கொண்டே இருப்பார்களாம், கொஞ்சநேரம் கழித்துத்தான் இமை தொங்குமாம். பூப்போட்ட சங்கு ஒன்று உண்டாம், அழகாய் இருக்கிறதே என்று உயிரோடு எடுத்து மடியில் கட்டினால் ஊசி மாதிரி குத்துமாம், குத்தின இடம் மரத்து, அப்படியே மேலே ஏறுமாம். கேட்டுக்கொண்டிருந்த அசன் மைதீன், "இனிமே நான் ஆத்துமீன்கூடத் தின்ன மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த முறைக்கு உட்கார்ந்தான்.

பாயில் கிடந்தவர் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்டது ஜனாபாவின் பேச்சுத்தான். ஒரு மூச்சு ஊதுவாள், ஒரு வசவு கொடுப்பாள். "வேண்டாம்னு சொன்னேனே, கேட்டீகளா?" ஒரு ஊது. "கொழும்பாம் கொழும்பு." ஒரு ஊது. "எழுந்திரிங்க, உங்களுக்கு இருக்கு." ஒரு ஊது. பிறகு குரல் தழுதழுத்து, "எழுந்திரிச்சிருங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்" என்பாள். கெஞ்சலைக் கேட்டபோதுதான் பயமாக இருந்தது, திட்டும்போது தைரியமாக இருந்தது என்று அவர் பின்னால் சொல்லுவார்.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் ஜனாபா ஒரு மூச்சை ஊதிவிட்டு, "உப்பு எவ்வளவு போடணும்னுகூடத் தெரியாத ஆளு..." என்று தொடங்கினாள். நாடியைப் பிடித்திருந்த கெசியா, "நில்லு!" என்றாள்.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். அகமது மீரானின் வலதுகால் பெருவிரல் ஆடியது. ஒருமுறைதான் ஆடியது. பிறகு இன்னொருமுறை. கெசியா அவர் நெஞ்சில் காதை வைத்தாள். ஊதாமலே விலா எலும்பு லேசாக விரிந்தது.

"நீங்களே இழுங்க அண்ணாச்சி! இழுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் இழுத்தார். இடையிடையே நின்றபோது ஊதினார்கள். பிறகு நிற்கவில்லை. விளக்கேற்றும் சமயத்தில் இமை பாதி திறந்தது. உதடு அசைந்தது. ஜனாபா காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"உழ்ப்பு... சழியாத்தான்... இழுந்துச்சு" என்றார் அகமது மீரான்.

கெசியாவின் சிரிப்பு அன்றைக்கு அக்கரைக்கே கேட்டிருக்கும். சந்தியாகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். லெப்பை துஆ ஓதினார். அசன் மைதீன் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு, "வெள்ளைக் கட்டு எங்க இருக்கு காக்கா?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று தெரியாமல் அழுதான்.

நாலைந்து நாளில் அவர் கடைக்கு வந்துவிட்டார். விரல் நுனி மட்டும் சில நாள் மரத்தே இருந்தது, அதனால் துணியின் நயத்தைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் துணி பார்க்குமுன்னே அவர் செத்துக்கிடந்த கதையைக் கேட்கவேண்டியதாயிற்று.

கெசியாவுக்குத்தான் சங்கடம். செத்தவரை ஊதி எழுப்பினாள் என்று சேதி சுற்றுப்பட்டிக்கெல்லாம் பரவிவிட்டது. ஒருத்தர் செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கிழவருக்கு உயிர் போய், மாலையெல்லாம் போட்டு உட்கார வைத்தபிறகு பேரன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஆட்டுக்காரரைத் திட்டி அனுப்பினாள். பேரன்மாருக்குக் காப்பி கொடுத்து, நாடி இருந்தால்தான் மூச்சுக்கு வேலை என்று பொறுமையாக விளக்கி அனுப்பினாள்.

ஒரு தடவை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆற்றில் மூழ்கிய இளவட்டம் ஒருவனை அக்கரையிலிருந்து தூக்கிவந்தார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது, நாடி இல்லை. அவனுடைய தாய் கெசியாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பயனில்லை என்று தெரிந்தும் கெசியா உட்கார்ந்து ஊதினாள். ஓய்ந்தபிறகு அந்தத் தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஞானையா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கோடையில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். அங்கே படிக்கிற நர்சுகளுக்குக் கெசியா செய்து காட்டவேண்டும், பிழைத்தவரும் வரவேண்டும் என்று. கெசியா, ஞானையா, அகமது மீரான், ஜனாபா நாலு பேரும் மாட்டுவண்டியில் போனார்கள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் மேசைமேல் ஒரு கம்பவுண்டரைப் படுக்க வைத்திருந்தார்கள். கெசியா அவர் தாடையைத் தூக்கியதும் அவருக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைப் பிடித்ததும் இன்னும் சிரித்தார். "செத்தவுக சிரிக்கக்கூடாதுய்யா" என்றாள் கெசியா. அதற்குமேல் நர்சுகளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்டர் எல்லாருக்கும் விளக்கினார். "இந்த மீன்ல இருக்கிற நஞ்சு நரம்பத்தான் கட்டிப்போடும். மூளை உத்தரவு போட்டாலும் அது கைகாலுக்குப் போய்ச் சேராது. புத்தி தெளிவா இருக்கும், காது கேட்கும். மூச்சு இழுக்கிற தசை மட்டும் நின்னுபோகும். ஜப்பான் டாக்டர்கள் இதப்பத்தி நிறைய எழுதியிருக்காங்க. மாத்து மருந்து கிடையாது. நஞ்சு தானா இறங்குறவரைக்கும் அவருக்காக வேற யாராவது மூச்சு விட்டாத்தான் உண்டு." பிறகு கெசியாவைப் பார்த்து, "இவ்வளவு நேரம் ஊதினா பிழைப்பார்னு எப்படிம்மா நம்பினீங்க?" என்றார்.

"நம்பலய்யா" என்றாள் கெசியா. "நிறுத்தினா வெளிய வந்து என்ன சொல்லுவேன்? வாசல்ல அவ்வளவு பேர் நின்னாக. அத நினைச்சா ஊதுததே லேசா இருந்துச்சு."

அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை அகமது மீரான். எழுந்து நின்று, உதட்டில் எறும்பு ஊர்ந்ததிலிருந்து தொடங்கிவிட்டார். கூடத்தில் யாரும் அசையவில்லை. கபன் துணிக் கட்டத்தில் இரண்டு நர்சுகள் அழுதார்கள். ஜனாபா திட்டியதை அவர் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டியபோது, ஜனாபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இத எதுக்கு இங்கன சொல்லுதாக" என்று முணுமுணுத்தாள். டாக்டர் கடிகாரத்தை இரண்டுதடவை பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் கடைவீதியில் கெசியா தனக்கென்று ஒரு கறுப்புக் குடை வாங்கினாள். வண்டி ஆற்றோரச் சாலையில் இறங்கியது. வயல்காற்று வீசியதும் அகமது மீரான் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிப்போனார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. மாடுகள் காதை விடைத்தன.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "அக்கா, முதலாளியக் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. மாடு மிரளுது" என்றார்.

ஜனாபா கணவரின் தலைக்குக் கீழே தன் துணிமூட்டையை எடுத்துவைத்தாள். "மிரண்டா மிரளட்டும்" என்றாள். "பைய ஓட்டும்."